திறன் என்னும் திரை

ஒரு வார்த்தை ஜனங்களுக்குப் புரியவில்லையென்றால், அது கடினமான வார்த்தை என்று மட்டும் அர்த்தமல்ல. அது புரியாமலிருப்பதில் யாருக்கோ சௌகரியம் இருக்கிறது என்றும் அர்த்தமாகலாம்.

செங்கற்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றன. இந்தத் தொழிலுக்கென்றே தமிழ்நாடு அரசு 2021-ல் தனிக் கொள்கையும் வெளியிட்டது. வரட்டும், ஆட்சேபணை இல்லை. நாம் எழுதும் கடிதமும் எடுக்கும் படமும் எங்கேனும் தங்கித்தானே ஆகவேண்டும்? என் சண்டை கட்டடத்தோடு அல்ல. அதன் வாசலில் தொங்கும் அகராதியோடு.

முதலில் 'மேகம்'. நம்முடைய விவரங்களெல்லாம் மேகத்தில் இருக்கின்றனவாம்! ஏரிப் பாசனத்தை நம்பிய ஊரில் மேகம் என்பது தண்ணீர் தருவது. இந்த மேகமோ தண்ணீர் கேட்பது. கம்ப்யூட்டர் குடிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் உஷ்ணமாகவே வெளியேறுகிறது. அந்த உஷ்ணத்தைத் தண்ணீரை ஆவியாக்கியே போக்குவதானால், 1 மெகாவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 35,000 லிட்டர் வேண்டும். தண்ணீர் வேண்டாம், காற்றே போதும் என்றால், பெரும்பாலும் மின்சாரச் செலவு ஏறும். இரண்டில் ஒன்று கொடுத்தே தீரவேண்டும்.

அடுத்து, 'இலவசக் குளிர்ச்சி'. வெளிக்காற்றே ஜில்லென்றிருக்கும் தேசங்களில் பிறந்த பிரயோகம் அது. மாமல்லபுரக் கரையில் சித்திரை மாதப் புழுக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள்!

எல்லாவற்றிலும் பெரியது 'மின் பயன்பாட்டுத் திறன்'. 2007 முதல் உலகமெங்கும் வழங்கும் அளவு இது. கட்டடம் முழுவதற்கும் ஆகும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் ஆகும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். 1.5 வந்தால், கம்ப்யூட்டருக்கு 100 யூனிட், குளிர்விப்பதற்கும் மற்றதற்கும் 50 யூனிட். ஆக, எண் ஏறினால் நஷ்டம். திறன் கூடினால் நஷ்டம் என்பது எந்த ஊர் நியாயம்? போதாதற்கு, நம் பள்ளிப் பாடத்தில் 'திறன்' என்றால் வாட் கணக்கில் அளப்பது. மாணவன் எதை நினைத்துக்கொள்வான்?

இந்த எண்ணில் தண்ணீர் இல்லை. மொத்தச் செலவும் இல்லை. பத்து மடங்கு மின்சாரம் வாங்கும் கட்டடமும் அதே 1.5-ஐக் காட்டி நெஞ்சை நிமிர்த்தலாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே சுழலும் விசிறி எத்தனை வாங்கினாலும் அது கம்ப்யூட்டர் கணக்கு. ஆகவே, அந்த விசிறியை வேகமாகச் சுற்றவிட்டால் செலவு கூடும், எண் அழகாகும்!

கலைச்சொல் இல்லாமல் இன்ஜினீயர் வேலை நடக்குமா என்று கேட்பார்கள். நடக்காது. ஆனால் நேர்மையான கலைச்சொல்லும் உண்டு. ஏ.சி.க்காரர் சொல்லும் 'டன்'னையே பாருங்கள். ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கும் உஷ்ணம், அவ்வளவுதான். 1842-ல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது. அந்தப் பனிக்கட்டியைத் தொட்டவன் எவனுக்கும் இந்த அளவு விளங்கியிருக்கும்.

அதுபோல், 'திறனை'த் தூக்கி எறிந்துவிட்டு 'மேற்செலவு' என்று சொல்லலாமே! '1.5' என்பதற்குப் பதில் 'நூற்றுக்கு ஐம்பது மேற்செலவு' என்றால், வீட்டுக் கணக்கு எழுதும் எந்தப் பெண்மணிக்கும் புரிந்துபோகும். புரிந்தால் அடுத்த கேள்வியும் கேட்பாள்.

அந்தக் கேள்வி வரட்டும். இதே கரையில் நெம்மேலியில், சென்னையின் தாகத்துக்காகக் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை 2013-ல் வந்தது. 15 கோடி லிட்டர் ஆலை 2024-ல் வந்தது. இந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. தண்ணீருக்கு மின்சாரம், மின்சாரச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர்! இப்படிப்பட்ட கரையில் விகிதத்தை மட்டும் காட்டி ஒப்பேற்றுவது கண்கட்டு வித்தை.

டேட்டா சென்டர் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். சென்ற மாதம் இத்தனை யூனிட், இத்தனை லிட்டர், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது. மூன்றே வரி, தமிழில். அதற்கு அகராதியே வேண்டாம். மனம் இருந்தால் போதும்.