சேமநிதியில் கை வைக்கும் முன்...

“மகளுக்கு முனைவர் பட்டம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. இபிஎஃப் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டலாமா?” என்று ஒரு தாயார் கேட்டார். பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க அனுமதி உண்டுதான். ஆனால், அம்மா, அது உங்கள் முதுமைக்கான பணம். கடைசியாகத் தொட வேண்டியது அது.

முனைவர் ஆய்வு பாதி படிப்பு, பாதி வேலை. அறிவியல், பொறியியல் துறைகளில் மாதப்படி கொடுத்தே மாணவரைச் சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். ஆகவே மகள் முதலில் மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும்: “உங்கள் ஆராய்ச்சி மானியத்தில் ஆய்வு உதவியாளர் இடம் உண்டா? மானியம் முடிய எத்தனை மாதம் இருக்கிறது?”

இரண்டாவது கேள்விதான் முக்கியம். நம் நாட்டில் எஃப்ஆர்ஜிஎஸ் மானியம் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள். ஆய்வோ பெரும்பாலும் அதற்கு மேல் நீளும். பாதியில் போய்ச் சேர்ந்தால், ஆய்வேடு எழுதும் நேரத்தில் படி நின்றுவிடும்.

பாலம் தாண்டினால் சிங்கப்பூரின் ‘சிங்கா’ விருது இருக்கிறது. மலேசியரும் விண்ணப்பிக்கலாம். 4 ஆண்டு வரை முழுக் கட்டணம், மாதப்படி. படித்து முடித்தபின் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரிட்டனின் செவனிங்கைப் பலர் இதற்குக் கேட்கிறார்கள். அது ஓராண்டு முதுகலைக்கு மட்டுமே.

எந்த உபகாரச் சம்பளமானாலும் கையெழுத்திடும் முன் பாருங்கள்: எத்தனை ஆண்டு? ஒப்பந்தம் உண்டா? இடையில் நின்றால் திருப்பிக் கட்ட வேண்டுமா?

பதில் திருப்தியில்லையா? அடுத்த சேர்க்கை வரை காத்திருக்கலாம். ஆறு மாதம் போனால் பிடித்துவிடலாம். கரைந்த சேமநிதியைப் பிடிக்க முடியாது.