பழைய படம் மங்கலாகத்தான் தெரியுமா?

“பழைய படம்தானே... இவ்வளவுதான் தெளிவா இருக்கும்!”

டி.வி-யில் ‘பென்-ஹர்’ ஓடும்போது வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லியிருப்பார். உண்மை நேர் எதிர். அந்தக் காலத்துப் பிரமாண்டப் படங்களின் நெகட்டிவில், கடந்த இருபது வருடங்களில் வந்த பல டிஜிட்டல் படங்களைவிட அதிக விவரம் பதிவாகியிருக்கிறது. நம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள்தான் அது தொலைந்துபோகிறது.

டேவிட் லீனின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) படத்தையே பாருங்கள். வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமுக்குப் பதில், 65 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. அதில் ஒரு பாலைவனக் கிணற்றடிக் காட்சி. கானல் நீருக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். அது மெல்ல மெல்லப் பெரிதாகி, ஒட்டகத்தில் வரும் ஓமர் ஷெரீஃப் ஆகும். வி.எச்.எஸ். கேசட்டில் பார்த்தவர்களின் கண்ணுக்கு ஆரம்பத்தில் அந்தப் புள்ளியே சிக்காது. பீட்டர் ஓ’டூல் எதை இப்படி வெறித்துப் பார்க்கிறார் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

இந்தப் படத்தில் வெட்டப்பட்ட காட்சிகளைத் தேடிச் சேர்த்து, 1989-ல் மீட்டெடுத்தார் ராபர்ட் ஹாரிஸ். சில காட்சிகளுக்குப் படம் கிடைத்தது, வசனம் கிடைக்கவில்லை. ஓ’டூலும் அலெக் கின்னஸும் கால் நூற்றாண்டு கழித்து அதே வசனங்களைத் திரும்பப் பேசிக் கொடுத்தார்கள். ஜாக் ஹாக்கின்ஸ் அப்போது உயிரோடு இல்லை. அவருக்கு இன்னொரு நடிகர் குரல் கொடுத்தார். பிறகு, 2012-ல் வந்த பொன்விழாப் பதிப்புக்காக நெகட்டிவை 8கே தரத்தில் ஸ்கேன் செய்தார்கள். பாலைவன வெயிலில் ஃபிலிமில் விழுந்திருந்த விரிசல்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்தார்கள்.

ஆனால், ‘சுத்தம் செய்கிறேன்’ என்று கெடுத்த கதையும் உண்டு. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஸ்பார்ட்டகஸ்’ (1960) படம் 2010-ல் ப்ளூ-ரே டிஸ்க்காக வந்தது. ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடிப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து அழித்திருந்தார்கள். கூடவே தோலின் சுருக்கம், துணியின் இழை எல்லாம் போய், முகங்கள் மெழுகு பொம்மைபோல ஆகிவிட்டன. ரசிகர்கள் கொதித்தார்கள். 2015-ல் புதிதாக மீட்டெடுத்து மறுபடி வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே படம் என்றே நம்ப மாட்டீர்கள். அந்தப் புள்ளிகளால் ஆனதுதான் படமே. அவற்றைத் துடைத்தால் படமும் சேர்ந்து போய்விடும்.

சரி, நம் வீட்டில் என்ன செய்யலாம்?

டி.வி. செட்டிங்: பிக்சர் மோடை ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணையுங்கள். ஷார்ப்னெஸைக் குறையுங்கள். இல்லாவிட்டால் 2010 ஸ்பார்ட்டகஸை உங்கள் டி.வி-யே தயாரித்துவிடும்.

கருப்புப் பட்டை: ‘பென்-ஹர்’ (1959) படத்தின் அகலம், உயரத்தைப்போல 2.76 மடங்கு. அதனால் மேலும் கீழும் தடித்த பட்டை வரத்தான் செய்யும். திரை நிறையட்டும் என்று ஸூம் செய்தால் படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பக்கவாட்டில் வெட்டுப்படும். ரதப் போட்டியில் பாதிக் குதிரைகள் காணாமல் போகும். செல்போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாலும் இதே கதைதான்.

‘4கே’ என்ற முத்திரை: ஓ.டி.டி-யில் 4கே படம் பெரும்பாலும் விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவுக்குச் சுருக்கப்பட்டு வருகிறது. சாதாரண ப்ளூ-ரே டிஸ்க்கிலேயே 40 வரை இடமுண்டு. மணல்மேடு, பெருங்கூட்டம் என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ரொம்பப் பிடித்த படம் என்றால், நல்ல டிஸ்க்குக்குச் செலவழிப்பது வீண் இல்லை. வாங்கும் முன், எந்த வருடத்து மீட்டெடுப்பு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலி: இந்தப் படங்கள் பெரிய தியேட்டர்களில் ஆறு தட ஒலியோடு ஓடியவை. டி.வி-யின் குட்டி ஸ்பீக்கரில் இசை அலறும், வசனம் முணுமுணுக்கும். ஆடியோ பகுதியில் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். வசனம் முன்னால் வரும். போனில் என்றால் ஹெட்போன் போதும்.

கடைசியாக ஒன்று. ‘லாரன்ஸ்’ தொடங்கியதும் நாலு நிமிடத்துக்கு மேல் இருட்டுத் திரையில் இசை மட்டும் ஒலிக்கும். டிஸ்க் பழுதில்லை, நெட்டும் நிற்கவில்லை. தியேட்டரில் ஜனங்கள் வந்து உட்காருவதற்கான இசை அது. ஓட்டிவிடாதீர்கள். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.