பழைய கிட்டாருக்குப் புதுப் பெயின்ட் எதுக்கு?

எங்கட செட்டில சுத்திக்கொண்டிருக்கிற ஒரே எலெக்ட்ரிக் கிட்டார், கூட்டாளி ஒருத்தன்ட காக்கா கத்தார்ல இருந்து கொண்டுவந்த செகண்ட் ஹேண்ட். ரெண்டு மூணு இடத்தில் பீங்கான் கோப்பை விளிம்பு உடைஞ்ச மாதிரிச் சில்லுப் போயிருக்கு. "உரசிப்போட்டு ஸ்ப்ரே அடிச்சா புத்தம்புதுசு" என்று எல்லாரும் ஆலோசனை சொல்றாங்க. வேணாம் என்பதே எங்கட கட்சி.

முதலில் மேலே இருப்பது என்ன பூச்சு என்று பார்க்க வேணும். 1950களின் ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களில் இருந்தது நைட்ரோசெலுலோஸ் லக்கர். இது அப்படியொன்றும் அபூர்வமான சாமான் இல்லை. அமெரிக்காவில் கார்களுக்கு அடித்த சீக்கிரம் காயும் பெயின்டும் இதே இனம்தான். ஃபெண்டரின் ஃபியஸ்டா ரெட், ஃபோர்ட் தண்டர்பேர்ட் காரின் நிறம். எங்கட ஓடாவிமார் கதவுக்கும் அலுமாரிக்கும் 'என்சி' என்று சொல்லி அடிக்கிற லக்கரும் இதே குடும்பம்தான்.

நைட்ரோ மெல்லிசு. தின்னரில் எப்பவும் கரையும், அதனால் பழுது பார்க்கும்போது புதுப்பூச்சு பழசோடு ஒன்றாகக் கலந்துவிடும். வயது போகப்போக மஞ்சளிக்கும்: வெள்ளை பாலாடை நிறமாகும், நீலம் பச்சைப் பக்கம் சாயும். திடீர்க் குளிர் பட்டால் மயிரிழை வெடிப்பு விடும். கை உராயும் இடத்தில் தேய்ந்து மரம் வெளியே வரும். ரொறி கலகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி உடம்பில் பெயின்டே இல்லை.

1960களின் கடைசியில் ஃபெண்டர் பொலியெஸ்டருக்கு மாறியது. இது காய்வதில்லை, இரசாயன முறையில் இறுகுவது. தடிப்பு, கண்ணாடி மாதிரி. தேயாது, அடிபட்டால் சில்லாகத்தான் பெயரும். மலிவான கிட்டார் அநேகமாக எல்லாமே இந்தச் சாதி, எங்கட கையில் இருப்பதும் அதுதான். (சந்தேகமென்றால் கழுத்தைக் கழற்றி, அது பொருந்தும் குழிக்குள்ள ஒரு துளி தின்னர் வைத்துப் பாருங்க. நைட்ரோ இளகும், பொலி அசையாது.)

'நைட்ரோவில மரம் மூச்சு விடும், சத்தம் நல்லா வரும்' என்பதை நாங்கள் நம்பவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தை எடுப்பது கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப். வித்தியாசம் கைக்குத்தான் தெரியும். 1995இல் இருந்து ஃபெண்டர் புதுக் கிட்டாரையே தேய்த்து, கீறி, 'ரெலிக்' என்று கூடின விலைக்கு விற்கிறது. மற்றவன் வாசிச்ச வருஷங்களுக்கு நாம காசு குடுக்கிற மாதிரி. அங்க அப்படி, இங்க நிஜமாவே வயசான ஒன்றை மறைக்கப் பார்க்கிறோம்.

அடிப்பதும் லேசில்லை. பொலியெஸ்டரை உரசி எடுக்கவே கை விட்டுப்போகும். மாரி மழைக்குள்ள லக்கர் அடித்தால் காத்தின் ஈரத்தில் வெள்ளை பூத்து மங்கிப்போகும், ஓடாவிமாரிடம் கேட்டால் சொல்லுவாங்க. நைட்ரோ அடிச்சு முடிச்சாலும் றப்பர் ஸ்டாண்டில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்தால் அது இளகி ஒட்டும்.

ஒலுவில் விடுதி அறையில் மத்தியானம் வேர்வையோடு வாசித்தால் உண்மையான தொல்லை வேற இடத்தில்: கழுத்தின் பின்பக்கப் பளபளப்பு கையில் ஒட்டுது. அதுக்கு ஸ்ப்ரே தேவையில்லை. நல்ல சன்னமான இரும்புப் பஞ்சால் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தால் பளபளப்புப் போய்க் கை வழுக்கிக்கொண்டு ஓடும். பிக்கப்புக்கு மேல டேப் ஒட்டிப்போட்டுச் செய்யுங்க, அதின்ட காந்தம் இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். சில வருஷம் வாசித்தால் அந்த இடம் கைபட்டுத் திரும்பவும் மினுங்கும்.

பெயின்டுக்கு என்று சேர்த்த காசில் ஒரு செட் கம்பியும் நல்ல உறையும் வாங்கலாம். எங்கட கடல்காத்துக்கு முதலில் துருப்பிடிப்பது கம்பியும் பிரிட்ஜ் ஸ்க்ரூவும்தான்.