நீலத்திரையும் ஒரு பென்டிரைவும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கிக்கொள்ளலாம்.

போன மாதம் என் அண்ணன் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாம் ஆண்டு. (யாரென்று உறவுகளுக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.) சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக, "சின்னத் தாத்தா, எனக்கு இது வராது போலிருக்கு. பி.காம். மாறிக்கட்டுமா?" என்றாள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். அவள் அப்பா லாரி ஓட்டித்தான் ஃபீஸ் கட்டுகிறார். எனக்குத் திக்கென்றது.

விசாரித்தால் விஷயம் வேறு. கல்லூரி லேபில் பெரிய ஐடிஇ ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். கணினிகளோ பழசு, ஒன்றுக்கு இரண்டு பேர். திறந்து, புராஜெக்ட் உருவாக்கி, முதல் வரி தட்டுவதற்குள் கால் மணி நேரம் போய்விடுகிறதாம். வீட்டில் இருப்பது அவள் அண்ணன் உபயோகித்த 4 ஜிபி ரேம் மடிக்கணினி. அதில் அந்த ஐடிஇ ஏறவே இல்லை. ஏறாதது வியப்பில்லை. இந்த வகையில் பெயர்பெற்ற விஷுவல் ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டால், வழக்கமான நிறுவலுக்கு 20 முதல் 50 ஜிபி காலியிடம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. பெரிய நிறுவனத்தில் பெரிய வேலை செய்பவர்களுக்கு அது தேவைதான். இவள் எழுதப்போவது மூன்று எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்கும் பதினைந்து வரி.

வாரத்துக்குச் சில மணி நேர லேபில் பாதி காத்திருப்பிலேயே போனால் கை எப்படிப் பழகும்? அந்தப் பெண் தன் மூளையில்தான் கோளாறு என்று முடிவுகட்டியிருந்தாள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலாமாண்டுப் பிள்ளைக்கு முழு ஐடிஇ வேண்டாம். ஒரு எடிட்டர், ஒரு கம்பைலர், இரண்டும் அடங்கிய ஒரு ஃபோல்டர் போதும். அது அவள் பையிலேயே இருக்க வேண்டும்.

அன்று மாலையே உட்கார்ந்து செய்தோம். விஎஸ் கோடை இன்ஸ்டாலராக இல்லாமல் ஜிப் கோப்பாக இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விரித்தோம். அந்த ஃபோல்டருக்குள், நிரல் கோப்பின் பக்கத்திலேயே, டேட்டா என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கினால் போதும். அதன்பிறகு அமைப்புகள், நீட்சிகள் எல்லாம் கணினியில் பதியாமல் அதற்குள்ளேயே தங்கும். நிறுவ வேண்டியதில்லை, அட்மின் பாஸ்வேர்டுக்காக யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. புதிய பதிப்பு வந்தால் தானாக மாறாது. புது ஜிப்பை விரித்து, பழைய டேட்டா ஃபோல்டரை அதில் நகலெடுத்துப் போட வேண்டும். இது ஒரு சின்னத் தொல்லை.

விஎஸ் கோடுக்குள் சி++ கம்பைலர் கிடையாது. அதற்கு டபிள்யூ64டெவ்கிட் என்ற தொகுப்பை எடுத்தோம். ஜி++ கம்பைலரும் பிழை தேடும் ஜிடிபியும் அதிலேயே உண்டு, அதையும் நிறுவத் தேவையில்லை. இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. என் கணினியில் பென்டிரைவுக்கு 'ஈ' என்ற எழுத்து, அவள் மடிக்கணினியில் 'ஜி'. கம்பைலரின் பாதையை எழுதி வைத்தால் இடம் மாறியதும் காணாமல் போகிறது. கடைசியில் ஒரு பேட்ச் கோப்பு எழுதினோம். தான் எந்த டிரைவில் இருக்கிறோம் என்று அதுவே பார்த்து, கம்பைலரின் இடத்தைச் சொல்லிவிட்டு, எடிட்டரைத் திறக்கும். அதன் கடைசி வரியை எழுதியது அவள்தான். நான் காபி போடப் போயிருந்தேன்.

நீட்சிகள் எதையும் போடவில்லை. சி++ வரிகளுக்கு நிறம் காட்டும் வசதி எடிட்டரிலேயே உண்டு. எழுதி, சேமித்து, கீழே டெர்மினலில் ஜி++ என்று தட்டி, கோப்பின் பெயர் கொடுத்து என்டர். பிழை வந்தால் வரி எண்ணோடு வரும். இப்போதைக்கு அது போதும்.

இந்த எளிமை ஒன்றும் புதிதில்லை. 1983-இல் போர்லாண்ட் வெளியிட்ட டர்போ பாஸ்கலில் எடிட்டரும் கம்பைலரும் ஒரே கோப்பில் 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. பிளாப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். அதன் கம்பைலரை எழுதிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பர்க்தான் பின்னாளில் டைப்ஸ்கிரிப்ட் மொழியை வடிவமைத்தார். விஎஸ் கோட் பெரும்பாலும் அந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. விஎஸ் கோடைத் தொடங்கிய குழுவுக்குத் தலைமை வகித்த எரிக் காமா, அதற்கு முன் எக்லிப்ஸ் என்ற பெரிய ஐடிஇயின் ஜாவா கருவிகளுக்குத் தலைமை தாங்கியவர். பெரிய மாளிகை கட்டியவரே சின்ன வீடும் கட்டினார். அது 2015-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் சின்ன வீடு என்பதும் ஒப்பீட்டில்தான். உள்ளே குரோம் உலாவியின் இன்ஜினே ஓடுகிறது. 2 ஜிபி ரேம் உள்ளவர்கள் நோட்பேட்++ ஜிப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் பென்டிரைவில் வைத்தே ஓட்டலாம்.

இனி நான் வெட்கப்பட வேண்டிய பகுதி.

என்னிடம் படித்தவர்களுக்கு டர்போ சி++ நீலத்திரை மறந்திருக்காது. ஆல்ட் எஃப்9, கன்ட்ரோல் எஃப்9, விடையைப் பார்க்க ஆல்ட் எஃப்5. 64 பிட் விண்டோஸ் வந்து அது ஓடாமல் போனபோதும், டாஸ்பாக்ஸுக்குள் வைத்து அதையே ஓட்டிக்கொண்டிருந்தேன். பாடநூலுக்கு அது பொருந்தியது, எனக்கும் பழகியிருந்தது. 1998-இல் சி++ தரப்படுத்தப்பட்டதற்கும் முந்தைய கருவி அது. அந்த நீலத்திரைக்குப் பின்னால் எடிட்டர் என்று ஒன்றும் கம்பைலர் என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன என்பதைக் கரும்பலகையில் எழுதினேன், இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்டேன், ஒரு நாளும் பிரித்துக் காட்டவில்லை. பல வருடம் கழித்து ஒரு மாணவன் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கருப்பு டெர்மினலைத் திறந்து வச்சாங்க. நான் நீலத்திரை எங்கேன்னு தேடினேன்." நானும் சிரித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கன்ட்ரோல் எஃப்9 தட்டிய பிள்ளைகளுக்கு நிரல் எழுதத் தெரிந்தது, அது எப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை. இப்போது ஐடிஇயில் பச்சை முக்கோணத்தை அழுத்தும் பிள்ளைகளுக்கும் அதே கதைதான். கையால் கம்பைல் செய்து பார்த்தவர்களுக்கு, பின்னால் எந்த ஐடிஇ கொடுத்தாலும் அந்த முக்கோணத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று புரியும்.

மறுப்பு வரும் என்று தெரியும். பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவர், "சார், கம்பெனியில் ஐடிஇதான் கேட்கிறார்கள், டீபக்கரில் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் வசதியை ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார். நியாயம்தான். ஜிடிபி இருந்தாலும் முதலாமாண்டுப் பிள்ளைக்கு அது கரடுமுரடு. இரண்டாம் ஆண்டில் ஐடிஇக்குப் போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. லேப் பொறுப்பாளர்கள் வைரஸுக்குப் பயந்து பென்டிரைவைத் தடுப்பதிலும் தவறில்லை. ஆனால் தடுப்பவர்கள் இதே ஃபோல்டரைச் சோதித்து, லேப் கணினிகளில் அவர்களே நகலெடுத்து வைக்கலாமே? செலவு ஒரு ரூபாய் கூட இல்லை.

அண்ணன் பேத்தி இப்போது தினமும் ராத்திரி ஒரு நிரல் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். நேற்று அனுப்பியதில் அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போயிருந்தது. நான் சொல்வதற்குள் அவளே, "தாத்தா, 12-ஆவது வரி, பாத்துட்டேன்" என்று அடுத்த செய்தி போட்டுவிட்டாள். பி.காம். பேச்சு மறுபடி வரவில்லை. வருமா என்று நானும் கேட்கவில்லை.

அந்த ஃபோல்டர் என்னிடம் இருக்கிறது. வீட்டில் முதலாமாண்டுப் பிள்ளைகள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பேட்ச் கோப்போடு அனுப்புகிறேன். உள்ளூர்க்காரர்கள் பென்டிரைவோடு மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டு வாருங்கள், போன தடவை ஒருவர் கொண்டுவந்ததில் என் கணினி இரண்டு நாள் படுத்துவிட்டது.