நகர நிர்மாணமா? சேரி நிர்மாணமா?

சென்னைப் பட்டணத்தை உலகத்தரம் வாய்ந்த நகரமாக ஆக்கப் போவதாகச் சர்க்காரில் உள்ளவர்களும், முதலாளிமார்களும், பத்திரிகைக்காரர்களும் முப்பது வருஷமாக ஓயாமல் சொல்லி வருகிறார்கள். இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நல்ல பட்டணம் வேண்டாமென்று சொல்ல யாருக்குப் பைத்தியம்? ஆனால் "யாருக்கு நல்ல பட்டணம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் மாத்திரம் அவர்களுக்கு ஏன் கோபம் வருகிறதென்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

முதலில், "பட்டணமே பாழ், எல்லோரும் கிராமத்துக்குத் திரும்புங்கள்" என்று உபதேசம் செய்யும் கூட்டத்தாருக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். இந்த உபதேசிகள் கிராமத்தில் எந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் என்று விசாரித்தாலே விஷயம் வெளியாகிவிடும். 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் 100க்கு 48 பேர் நகரவாசிகள். இத்தனை பேரும் சினிமா பார்க்கவா வந்தார்கள்? கூலி தேடி வந்தார்கள், அதோடு, "நீ எந்தத் தெருப் பிள்ளை?" என்று கேட்பார் இல்லாத இடம் தேடியும் வந்தார்கள். பட்டணத்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனை யாரும் ஜாதி கேட்பதில்லை. (வாடகைக்கு வீடு தேடிப் போனால் "சைவர்களுக்கு மட்டும்" என்ற பலகை கேட்டுவிடுகிறது, அது வேறு விஷயம்.) ஆகவே வந்தவர்கள் திரும்பப் போவதில்லை. போகவும் வேண்டாம்.

நிற்க. 2015ஆம் வருஷம் டிசம்பர் மாதம் சென்னை வெள்ளத்தில் மூழ்கிற்று. அடையாற்றங்கரையில் மாடி வீடும் குடிசையும் ஒன்றாக முழுகின. நாலே வருஷத்தில், 2019இல், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரே ஊர், ஒரே வானம். அந்த 2019இல் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? மழை வேண்டி யாகமும் வருண ஜபமும் நடத்தும்படி அறநிலையத் துறையே கோவில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. மந்திரிகளே யாகத்தில் உட்கார்ந்தார்கள். வருணனுக்கு நெய் வார்த்தவர்கள், அவன் 2015இல் கொட்டிய தண்ணீரை எங்கே வைத்தோம் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தார்களா?

வைக்க இடம் இருந்தது. அந்த இடத்தில் வீடு கட்டிக் கொண்டோம். 1920களில் மாம்பலம் நெட்டேரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உண்டாயிற்று. நமக்கு வேண்டியவர்கள் ஆண்ட காலத்தில், நாம் மதிக்கும் பெரியவர் பெயரில் நடந்த காரியமானாலும் ஏரியை மூடியது மூடியதுதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது; லேக்கைத்தான் காணோம். நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமோ, முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் மிச்சத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கடலுக்கு அனுப்பிய இயற்கைத் தொட்டி. அதன் பெரும்பகுதியைக் கம்பெனிக் கட்டடங்களும், சர்க்கார் ஸ்தாபனங்களும், பெருங்குடிக் குப்பை மேடும் தின்றுவிட்டன. தின்று முடித்த பின், 2022இல் மிச்சத்துக்கு ராம்சார் என்னும் சர்வதேசப் பட்டியலில் இடம் கிடைத்தது.

இவ்வளவும் நடந்திருக்க, வெள்ளத்துக்குக் குற்றவாளி என்று பிடிபட்டவன் யார்? கூவம் கரையில் குடிசை போட்டவன்! பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்ல. அடையாற்றின் குறுக்கே ஆகாய விமானத்துக்கு ஓடுபாதை போட்டவர்களும் அல்ல. பத்தடிக்குப் பத்தடி ஓலைக்குடிசைதான் ஆற்றை மறித்துவிட்டதாம்.

இந்தப்படி தீர்ப்புச் சொல்லி, அவர்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெகு தூரத்தில், கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கினார்கள். எட்டடுக்கு மாடி, சொந்த வீடு, இதில் என்ன குறை என்று கேட்கிறார்கள். குறையைச் சொல்லுகிறோம். பெரும்பாக்கம் இருப்பது அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோய் விட்ட இடம், 2023 டிசம்பர் புயல் மழையில் தானே வெள்ளக் காடாயிற்று. மைலாப்பூரில் பத்துப் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு மைலாப்பூரிலிருந்து பத்து மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் மாடி வீடு கொடுத்தால், அவள் வீட்டைத் தின்பாளா? கூலியில் பாதி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போனால் மிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படி? நடு வருஷத்தில் குடி பெயர்க்கப்பட்ட பிள்ளைகளில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் எத்தனை பேர்? அதோடு, பட்டணத்தில் எங்கெங்கோ கலந்து வாழ்ந்தவர்களை ஒரே ஜாதி, ஒரே ஏழ்மை என்று பொறுக்கி எடுத்து ஒரே இடத்தில் குவித்து, ஊருக்கு வெளியே வைத்தால் அதற்குப் பெயர் என்ன? கிராமத்துப் பண்ணையார் ஓலையில் செய்ததை இவர்கள் சிமெண்டில் செய்கிறார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் முறையாக இருந்தது. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பழைய பெயரோடு பழைய முறையையாவது வைத்துக்கொண்டிருக்கலாம்.

"பட்டணத்துக்குள் நிலம் ஏது?" என்பார்கள். கிண்டியில் குதிரைப் பந்தயக்காரர்களுக்கு 1945 முதல் 99 வருஷக் குத்தகைக்கு 160 ஏக்கர். வருஷ வாடகை ரூபாய் 614 சொச்சம். 2024இல்தான் சர்க்கார் அதைப் பூட்டி எடுத்தது. குதிரை ஓட எழுபத்தொன்பது வருஷம் ஊர் நடுவில் நிலம் அகப்பட்டது. மனிதன் படுக்க அகப்படவில்லை.

இனி சாக்கடை. மலக்குழியில் மனிதனை இறக்கும் கொடுமையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இலும், முப்பது லட்சம் என்று 2023இலும் சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டார்கள். பிணத்துக்கு விலை ஏறிற்றே தவிர இறங்குவது நிற்கவில்லை. யந்திரம் இல்லாமலா? கேரளத்து இளைஞர்கள் 2018லேயே அதற்கு யந்திரம் செய்து காட்டிவிட்டார்கள். இறங்குகிறவன் ஜாதி என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் யந்திரத்துக்கு அவசரம் இல்லை.

லண்டன் பட்டணத்திலும் தேம்ஸ் நதி சாக்கடையாக நாறிக்கொண்டுதான் இருந்தது. ஏழைகள் காலராவில் ஆயிரக்கணக்காகச் செத்தபோதும் பணம் இல்லை என்றார்கள். 1858 கோடையில் அந்த நாற்றம் நதிக்கரைப் பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்து, கனவான்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியபோது, சில வாரங்களில் சட்டமும் வந்தது, பணமும் வந்தது. பேசல்கெட் என்னும் எஞ்சினீயர் பாதாளச் சாக்கடையும் கட்டி முடித்தார்.

ஆகையால் நம்முடைய யோசனை ஒன்றுதான். அடுத்த நகர அபிவிருத்தித் திட்டத்தை எழுதுகிற அதிகாரிகளும், அதில் கையெழுத்துப் போடுகிற மந்திரிகளும், ஒரு ஐப்பசி கார்த்திகை மாத்திரம் குடும்பத்தோடு பெரும்பாக்கத்து எட்டாவது மாடியில் குடியிருந்து, அங்கிருந்து தினமும் பஸ்ஸிலேயே கோட்டைக்கு வேலைக்கு வரட்டும். சம்மதமா?