3,000-ல் நின்ற கணக்கு
பேஸ்பாலில் 3,000 ஹிட் என்பது பெரிய மைல்கல். 1972 செப்டம்பர் 30-ல் அதைத் தொட்ட 11-வது வீரர், போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரொபர்ட்டோ கிளெமென்டே. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் செல்லப்பிள்ளை.

அந்த டிசம்பரில் நிகரகுவாவை நிலநடுக்கம் உலுக்கியது. தான் அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டார். நேரில் கொண்டுபோய்க் கொடுக்க அவரே கிளம்பிவிட்டார். டிசம்பர் 31 இரவு. ஊரே புத்தாண்டுக்குக் காத்திருக்க, புறப்பட்ட சில நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது. வயது 38. உடல் கிடைக்கவே இல்லை.

'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவத்துக்கு 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவருக்காக அந்த விதியையே தளர்த்தினார்கள். மைதானத்துக்கு வெளியிலும் மக்களுக்கு உதவும் வீரருக்கு, இன்றும் ஆண்டுதோறும் அவர் பெயரில்தான் விருது!