சுருளைக் குறை சொல்லுமுன்

பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று ஊமையாகிப் பட்டறைக்கு வந்தால், நம்மில் பலருக்குக் கை முதலில் சாலிடரிங் அயர்னுக்குத்தான் போகிறது. "காயில் போச்சு, ரீவைண்ட் பண்ணணும்" என்று சொல்லியும் விடுகிறோம். 1950களிலும் 60களிலும் சுற்றிய நல்ல சுருள்கூட இப்படி அறுபட்டுப் போகிறது. அதைத் திரும்ப யாராலும் செய்து தர முடியாது.

மூன்று பிக்கப்பும் ஒரே நாளில் சாகாது. மூன்றும் பேசவில்லை என்றால் ஜாக், வால்யூம் பாட், கிரவுண்ட் வயர் இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் பேசவில்லை என்றால் ஸ்விட்சை அந்த இடத்தில் வைத்து, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் ஓம் அளவு எடுங்கள். 6 கிலோ ஓம் பிக்கப் 250 கிலோ ஓம் பாட்டுக்கு இணையாக நிற்பதால், நல்ல நிலையில் 5.86 அளவில் காட்டும். பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட்.

250ஐ ஒட்டிக் காட்டும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். மீட்டர் பார்ப்பது பாட்டை மட்டுமே, பிக்கப் அந்தச் சுற்றில் இல்லை. சுருள் அறுந்தாலும் இதே எண் வரும், ஸ்விட்சின் தகடு கறுத்துத் தொடாமல் நின்றாலும் இதே எண்தான். பிக்கப் வயர் வந்து சேரும் ஸ்விட்ச் காலில் நேராக முனையை வையுங்கள். அங்கே 6 வந்தால் சுருள் நன்றாக இருக்கிறது. தேவை கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர்.

ஒலி வருகிறது என்பதற்காகச் சுருள் நலம் என்றும் நம்பிவிடக் கூடாது. அறுந்த சுருளிலும் கெப்பாசிட்டன்ஸ் வழியே உயர் அதிர்வெண்கள் தாவி வரும். பேஸ் இல்லாத மெலிந்த ஓசை கேட்கும். அளவு சற்றுக் கூடியிருந்தால் பதற வேண்டாம். செம்பின் தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 6 காட்டிய சுருள் 35 டிகிரியில் 6.3ஐத் தாண்டும்.

கரகரக்கும் பாட்டையும் உடனே மாற்றாதீர்கள், முதலில் சுத்தம் செய்யுங்கள். அதன் முதுகில் 304 அல்லது 137 என்று தொடங்கும் எண், செய்த நிறுவனத்தையும் ஆண்டையும் வாரத்தையும் சொல்கிறது. கிட்டாரின் வயதுக்கு அது ஒரு சாட்சி. கம்பியைத் தொட்டதும் அடங்கும் ஹம் பழுதே அல்ல.

சுருள் உண்மையிலேயே அறுந்திருந்தால் வெளிமுனையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பற்றவைத்த இடத்தருகே துரு தின்றிருந்தால், ஒரு சுற்றைப் பிரித்து எனாமலைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தாலே போதும். உள்முனை என்றால் ரீவைண்டிங்கைத் தவிர வழியில்லை. அப்போதும் கம்பியை அறுக்குமுன் சுற்றிய திசையையும் காந்தத்தின் முனையையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மற்ற பிக்கப்போடு சேரும்போது ஒலி எதிரெதிராகி மெலிந்துவிடும். அந்தக் குறிப்பின் ஒரு பிரதியைக் கிட்டாரோடு உரிமையாளரிடமும் கொடுத்தனுப்புங்கள்.